'பவர் குட்' கம்பிக்கு என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம்.

மின்னழுத்தம் சீரானதும் கணினியின் மின்வழங்கிப் பெட்டி தாய்ப்பலகைக்கு ஒரு கம்பி வழியே அனுப்பும் சேதிதான் 'பவர் குட்' (Power Good). அதற்குத் தமிழில் 'நல்மின் குறிகை' (குறிகை என்றால் சிக்னல்) என்று இங்கே வந்த முன்மொழிவை இரண்டு நாளாக அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு ஒப்பவில்லை. போன வாரம் என் மேசைக்கு வந்த பழைய பெண்டியம் 3 கணினிதான் காரணம்.

பொத்தானை அழுத்தினால் விசிறி சுழலும். திரை இருண்டே கிடக்கும். மின்வழங்கிப் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியே எடுத்து, தாய்ப்பலகை இல்லாமலே இயங்கும்படி பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இணைத்து ஓடவிட்டேன். மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குறை நினைவகத்தில்தான் என்று எண்ணி, நினைவகப் பட்டையை அழிப்பானால் தேய்த்துத் தேய்த்து அரை நாளை வீணாக்கினேன். பிறகுதான் புத்தி வந்து, தாய்ப்பலகையில் செருகியபடியே இணைப்பியின் பின்புறமாக மீட்டர் முனையை நுழைத்து அளந்தேன். சுமை ஏறியதும் சிவப்பு 4.2க்குச் சரிந்தது. 5 வோல்ட் அளவுக்கு எழவேண்டிய சாம்பல் கம்பி பூஜ்ஜியத்தை விட்டு நகரவே இல்லை. பெட்டியைத் திறந்தால் வெளியீட்டுப் பக்கத்தில் இரண்டு மின்தேக்கிகள் (கெப்பாசிட்டர்கள்) தலை உப்பி, பழுப்பாகக் கசிந்திருந்தன. (பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும், யாரும் அவசரப்பட்டுக் கை வைக்காதீர்கள்.)

அந்தச் சாம்பல் கம்பிக்குத்தான் பெயர் தேடுகிறோம். மின்னழுத்தங்கள் ஏறி நிலைத்து, 0.1 முதல் 0.5 நொடிக்குள் அது எழவேண்டும். அதுவரை தாய்ப்பலகை செயலியைக் கிளம்பவிடாது. 'சீராகிவிட்டது, இனிப் புறப்படு' என்பதே அதன் சேதி. இதில் 'நல்ல' எங்கே வருகிறது? ஆங்கிலத்திலேயே ஐபிஎம் காலத்து 'பவர் குட்', 1995இல் தாய்ப்பலகைக்கும் மின்வழங்கிக்கும் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் (ATX) வரையறையில் 'பவர் ஓகே' ஆகிவிட்டது. அவர்களே விட்ட 'குட்'டை நாம் ஏன் சுமக்கவேண்டும்?

நான் சொல்வது 'சீர்மின் கைகாட்டி'. ரயிலடியில் கைகாட்டி இறங்காமல் வண்டி நகராது. இங்கும் அதே வேலைதான். குறிகை எதையும் குறிக்கலாம். கைகாட்டியிலோ, நிறுத்திவைத்து வழிவிடுவதும் சேர்ந்தே வருகிறது. கைகாட்டி மரத்தைப் பார்த்திராத பிள்ளைகளுக்கு விளங்குமா என்று கேட்பீர்கள். பெயர்ப் பொருத்தம் விளங்காமல் போகலாம், கை காட்டுவது என்னவென்று தெரியாதா என்ன!

குறை ஒன்று எனக்கே உறுத்துகிறது. வேகமாகச் சொன்னால் 'சீர்மின்', 'நேர்மின்' போலக் காதில் விழுகிறது. எஸ்.எம்.பி.எஸ். தருவதே நேர்மின்னோட்டம் (டி.சி.) என்பதால் குழப்பம் கூடும். 'மின்சீர்க் கைகாட்டி' என்று திருப்பிப் போட்டால் தப்பலாம், நாக்குதான் கொஞ்சம் இடறுகிறது.

மின்தேக்கி வாங்கிய கடைக்காரரிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். "சாம்பல் ஒயர் என்றால் போதாதா?" என்றார். போதாது. ஏடிஎக்ஸுக்கு முந்தைய ஏடி பெட்டிகளில் இதே சேதி ஆரஞ்சுக் கம்பியில் வந்தது.

'சீர்மின்'னா, 'மின்சீர்'ரா? உங்கள் காதுக்கு எது ஒத்துவருகிறது?