பாங்காக்கில் 'கேக்' என்று அழைத்தால் எப்படி எடுத்துக்கொள்வது?

அன்புடையீர், வணக்கம். மும்பை மாட்டுங்காவில் எங்களுடன் வசிக்கும் மகள் பணி நிமித்தமாக அடுத்த மாதம் பாங்காக் செல்லவிருப்பதால், அங்கு வாழ்ந்தவர்களிடம் ஒரு விளக்கம் வேண்டுகிறேன். தாய்லாந்தில் வெள்ளையரை 'ஃபராங்' என்பார்கள். நம் பரங்கிமலையிலுள்ள 'பரங்கி'க்கு உறவுச் சொல் அது. நம்மவர்களுக்கோ 'கேக்' என்று தனிப்பெயர் (பிறந்தநாளுக்கு வெட்டுவது அல்ல). விருந்தினர் என்ற பொருளும் அதற்கு உண்டு என்றாலும், இந்தியர், அரபியர், மலாய்க்காரர் அனைவரையும் அந்த ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள்.

மும்பைத் தமிழருக்கு இது புதிதல்ல. 1960களில் லுங்கிக்காரர்களை விரட்டச் சொல்லி முழக்கம் எழுந்த ஊரில், திருநெல்வேலிக்காரரும் பாலக்காட்டுக்காரரும் இன்றும் 'மதராசி'தான். ஆனால் தாதர் சந்தையில் காய்கறிக்காரர் "க்யா மதராசி பாய்" என்று சிரித்தபடி கொத்தமல்லியைக் கொசுறாகப் போடும்போது உறுத்தாத அதே சொல், ரயிலில் இடத்துக்காகச் சண்டையிடுபவர் வாயிலிருந்து வந்தால் சுருக்கென்று தைக்கிறது.

'கேக்' என்பதிலும் இப்படி இரு தொனிகள் உண்டா? அலுவலகத்தில் நேருக்கு நேர் சொல்வார்களா, முதுகுக்குப் பின்னால் மட்டும்தானா? 'கோன் இந்தியா', அதாவது இந்தியர் என்று சொல்லும்படி பணிவாகத் திருத்தினால் ஏற்பார்களா, முகம் சுளிப்பார்களா? அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் மிக்க நன்றியுடையவனாவேன்.