இரண்டு விங்கிலும் ஏறினால் பின்னால் கோல் வாங்குகிறோம்: எங்கே பிழை?

துணுக்காய்ப் பயிற்றுநர்:
எங்கள் ஊர் உதைபந்தாட்ட அணிக்கு நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். 4-3-3 அமைப்பு: பின்களத்தில் நால்வர், நடுக்களத்தில் மூவர், முன்களத்தில் மூவர். விங் வீரர்கள், அதாவது முன்களத்தின் இரு ஓரத்தவர்கள், பக்கக் கோட்டை ஒட்டி நிற்பார்கள். அவர்களையும் தாண்டி இரு பக்கப் பின்கள வீரர்களும் ஏறுவார்கள். பந்து பெரும்பாலும் எங்கள் காலில்தான். ஆனால் மூன்று ஆட்டத்திலும் தோற்றுவிட்டோம். வாங்கிய ஐந்து கோலில் நான்கு ஒரே மாதிரி: ஓரத்திலிருந்து கோல் முன்னால் நாங்கள் அடிக்கும் கிறொஸைத் தடுத்து, பின்கள வீரன் விட்டுவந்த இடத்துக்கு நீளமாக உதைக்கிறார்கள். அவன் திரும்பி ஓடி வருவதற்குள் பந்து வலைக்குள். இந்த முறையையே கைவிடவா?

கிளிநொச்சி நடுக்களம்:
கைவிட வேண்டாம் தம்பி. இருவரையும் ஒன்றாக ஏற்றுவதுதான் பிழை. இடப்பக்கத்தவன் ஏறினால் வலப்பக்கத்தவன் நடுப் பின்களத்தார் இருவரோடு நிற்கட்டும். அவர்களுக்கு முன்னால் ஒரு நடுக்கள வீரன் வேண்டும். கிறொஸ் வருகிறது என்று அவனும் கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பெட்டிக்குள் ஓடினால் கதை பழையபடிதான். மைதானம் எவ்வளவு அகலம்?

துணுக்காய்ப் பயிற்றுநர்:
அடி வைத்துப் பார்த்தேன் அண்ணா, 50 மீற்றர் வரும்.

கிளிநொச்சி நடுக்களம்:
அதுதானே! பெனால்டி பெட்டியின் அகலமே 40.3 மீற்றர். பெட்டிக்கு வெளியே பக்கத்துக்கு ஐந்து மீற்றர்கூட மிஞ்சவில்லை. அதற்குள் விங் வீரனும் அவனைத் தாண்டுகிறவனும் முட்டிக்கொள்வார்கள். ஒருவன் கோட்டில் நின்றால் மற்றவன் உள்ளே ஓட வேண்டும்.

மாங்குளம் பழையவர்:
1966 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்து காலிறுதியிலிருந்து விங் வீரரே இல்லாமல் ஆடித்தான் வென்றது. சும்மா சொல்லி வைக்கிறேன்.
தம்பி, கிறொஸை உயர்த்தி அடிக்கிறீர்களா?

துணுக்காய்ப் பயிற்றுநர்:
ஆம் ஐயா. முன்கள வீரன்தான் கொஞ்சம் குள்ளம்.

மாங்குளம் பழையவர்:
சோளகக் காற்று வீசும் காலத்தில், குள்ளனுக்கு உயரப் பந்தா? கோல் கோடுவரை போய், தரையோடு பின்னுக்கு இழுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பந்துக்குப் பின்னால் நிற்பவனுக்கு ஓஃப்சைட் (எதிரணிப் பின்களத்தைத் தாண்டி நின்று பந்து வாங்கும் தவறு) பயமும் இல்லை. மறுபக்க விங் வீரன் தூரக் கம்பத்துக்கு வந்துவிட வேண்டும். கோட்டிலேயே நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது.

துணுக்காய்ப் பயிற்றுநர்:
ஞாயிறு பயிற்சி ஆட்டத்தில் செய்து பார்த்தோம். 2-1, வென்றோம். இரண்டு கோலும் இழுத்துக் கொடுத்த பந்தில். ஆனால் வலப்பக்கத்தவன் தன்னை ஏறவிடவில்லை என்று இன்னும் என்னோடு பேசவில்லை.