நீல நட்சத்திர மீனின் கை நுனி வெளுக்கிறது, காப்பாற்ற முடியுமா?

கேள்வி:
வணக்கம். என்னுடையது 120 லிட்டர் உப்புநீர்த் தொட்டி, ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் நீல லிங்கியா என்ற நட்சத்திர மீன் ஒன்றை வாங்கி, பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு உள்ளே விட்டேன். முதலில் கண்ணாடியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது ஒரே மூலையில் கிடக்கிறது. ஒரு கை நுனி வெளுத்து, தோல் பிய்ந்த மாதிரி இருக்கிறது. இறால் துண்டு வைத்தாலும் தொடவில்லை. அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். கூட இருப்பவை இரண்டு க்ளௌன் மீன்கள்தான்.

பதில் 1:
உப்பளவு எவ்வளவு? மீன்களுக்கு எப்போதாவது தாமிர மருந்து போட்டீர்களா? போட்டிருந்தால் அந்தத் தொட்டியில் நட்சத்திர மீன் பிழைக்காது.

பதில் 2:
முதலில் தண்ணீருக்குள்ளேயே மெதுவாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வெளியே தூக்க வேண்டாம். அடியில் இருக்கும் குழாய்க் கால்கள் நீண்டு துழாவி, கை நுனியை மடித்துத் தானாகப் புரண்டுவிட்டால் இன்னும் தெம்பு இருக்கிறது. அப்போதே கைகளின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். சின்னச் சிப்பி மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் அது ஒட்டுண்ணி நத்தை. லிங்கியாவில் அடிக்கடி வரும்.

பையை மிதக்கவிட்டால் வெப்பம்தான் சமமாகும், உப்பு சமமாகாது. நட்சத்திர மீனின் உடலுக்குள் இருப்பது கிட்டத்தட்ட கடல்நீரேதான். வெளியே உப்பு மாறினால் உள்ளேயும் மாறிவிடும், மீன்களைப் போல அதைச் சமாளிக்க அதற்குத் தெரியாது. அதனால்தான் மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து, சில மணி நேரம் பழக்கிவிட்டு விடுவார்கள். உப்பு மாற்றத்தால் விழுந்த அடி உடனே தெரியாது. சில நாள் கழித்துத்தான் இப்படி வெளுப்பு வரும்.

இறாலைத் தொடாததில் ஆச்சரியமில்லை. சாக்லேட் சிப் என்ற நட்சத்திர மீன் வகை இறைச்சியை அள்ளிக்கொள்ளும். நீல லிங்கியா பாறை மேல் படியும் மெல்லிய படலத்தை மேய்கிற பிராணி. மூன்று மாதத் தொட்டியில் அந்தப் படலம் போதாது. புதுத் தொட்டிக்காரர்களுக்கு இதை விற்கவே கூடாது என்பேன், பட்டினியாலேயே நிறைய செத்துப்போகின்றன.

கேள்வி கேட்டவர்:
தாமிர மருந்து எதுவும் போடவில்லை. உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.028 காட்டுகிறது. திருப்பிப் போட்டேன், ரொம்ப நேரம் எடுத்தாலும் தானாகப் புரண்டுவிட்டது! நத்தை எதுவும் இல்லை. வெளுத்த நுனியை வெட்டிவிடலாமா?

பதில் 2:
புரண்டது நல்ல செய்தி. நான் வெட்ட மாட்டேன். லிங்கியா போன கையைத் திரும்ப வளர்த்துக்கொள்ளும், தானாக உதிர்ந்தால் துண்டை மட்டும் எடுத்துவிடுங்கள்.

1.028 அதிகம், 1.025க்குக் கொண்டுவாருங்கள். ஆனால் ஒரே நாளில் வேண்டாம், அது இன்னொரு அடி. ஒரு நாளைக்கு 0.001க்கு மேல் இறக்காதீர்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் குறைந்த மட்டத்தை உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால் தினமும் நிரப்புங்கள். வெப்பம் 25 டிகிரியை ஒட்டி இருக்கட்டும்.

கண்ணாடியில் படியும் பாசியைத் துடைக்காமல் விடுங்கள். பாசி வில்லை ஒன்றை அதன் வயிற்றடியில் வைத்துப் பாருங்கள், சில சாப்பிடும். உடல் தொளதொளவென்று சரிந்து, வெளுப்பு நடுப்பகுதிக்கு வந்துவிட்டால் தாமதிக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள். அழுகினால் அமோனியா ஏறி க்ளௌன்களும் போய்விடும். நாளை மாலை உப்பளவையும் ஒரு படத்தையும் போடுங்கள், பார்க்கிறேன்.