கான் மேன் என்பதில் வரும் 'கான்' எது?

நெய்தல்: ஆளைப் பேசியே ஏமாற்றுகிறவனை ஆங்கிலத்தில் கான் மேன் என்கிறார்களே, அந்தக் 'கான்' எங்கிருந்து வந்தது? ஜெயில் கைதியையும் கான் என்கிறார்கள், சாதக பாதகங்களைச் சொல்லும் 'ப்ரோஸ் அண்ட் கான்ஸ்' வேறு இருக்கிறது. எல்லாம் ஒன்றுதானா?

தெருவிளக்கு: மூன்றும் வேறு வேறு. கைதி என்றால் கன்விக்ட் என்பதன் சுருக்கம். ப்ரோஸ் அண்ட் கான்ஸில் வருவது லத்தீன் 'கான்ட்ரா', எதிராக என்று அர்த்தம். நீங்கள் கேட்டது கான்ஃபிடென்ஸ் மேன். அந்தப் பெயர் 1849இல் நியூயார்க்கில் வில்லியம் தாம்சன் என்ற ஆளால் பரவியது. டிப்டாப்பாக உடுத்திக்கொண்டு தெருவில் போகிற வசதியானவரிடம் பழைய சிநேகிதன் மாதிரி பேச்சுக் கொடுப்பான், கொஞ்ச நேரம் போனதும் "என்மேல் நம்பிக்கை இருந்தால் உங்கள் கடிகாரத்தை நாளை வரைக்கும் கொடுத்து வையுங்கள் பார்ப்போம்" என்பான், கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவான். அவ்வளவுதான் வித்தை! அப்படி 110 டாலர் தங்கக் கடிகாரத்தைப் பறிகொடுத்த தாமஸ் மெக்டொனால்டு என்பவர், ஓராண்டுக்கு மேல் கழித்து அவனைத் தெருவில் பார்த்து போலீஸில் பிடித்துக் கொடுத்தார். 'நியூயார்க் ஹெரால்டு' பத்திரிகை அவனுக்கு 'கான்ஃபிடென்ஸ் மேன்' என்று பேர் போட்டது, ஒட்டிக்கொண்டது. சுருங்கிக் 'கான்' ஆனதெல்லாம் அப்புறம்.

கோடைமழை: அப்போ தன்னம்பிக்கையோடு அடித்துவிடுகிறவன் என்று அர்த்தமா? நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழையபேப்பர்: இல்லைங்க. நாம் கான்ஃபிடென்ஸ் என்றாலே தன்னம்பிக்கை என்று எடுத்துக்கொள்கிறோம், அதனால் வரும் குழப்பம். இங்கே நம்பிக்கை ஏமாறுகிறவருடையது. அதைச் சம்பாதிப்பதுதான் இவன் தொழில், அதனால் பிக்பாக்கெட்காரனைக் கான் மேன் என்று சொல்ல மாட்டார்கள்.

தெருவிளக்கு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அதே ஹெரால்டு கிண்டலாக இன்னொன்றும் எழுதியது: தாம்சன் செய்த தப்பு, பிராட்வே தெருவில் சில்லறையாகத் தொழில் செய்ததுதான், இதே திறமையைப் பெரும்பணம் புரளும் வால் ஸ்ட்ரீட்டில் காட்டியவர்கள் மாளிகையில் இருக்கிறார்கள், இவன் ஜெயிலில் இருக்கிறான் என்று. எனக்கு அந்தக் கடிகாரக் கதையைவிட இதுதான் பிடித்தது. 1857இல் அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் 'கான்ஃபிடென்ஸ் மேன்' என்ற பெயரிலேயே நாவல் எழுதினார், மிசிசிப்பியில் போகும் நீராவிப் படகில் நடக்கும் கதை. வெளியிட்ட தேதி ஏப்ரல் 1.

நெய்தல்: ஏப்ரல் 1ஆ! சரி, நாவலைத் தேடிப் பார்க்கிறேன். நன்றி.