சிந்தசைசரில் கிக் டிரம் ஒலி வரவில்லை, அவசரம்

எல்லைக்கோடு, கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு), இரவு 11.40
வணக்கம். சிந்தசைசரில் (மின்னணு முறையில் ஒலி உருவாக்கும் கருவி) கிக் (பெரிய டிரம்மின் கனத்த அடி) ஒலி செய்ய மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன், வரவில்லை. மிகத் தாழ்ந்த சுரத்தை வைத்து, என்வலப்பை (ஒலி எழுந்து அடங்கும் வடிவத்தை) சுருக்கிப் பார்த்துவிட்டேன். நெஞ்சில் "தும்" என்று இடிக்க வேண்டியது, கிணற்று மோட்டார் போல "ம்ம்ம்" என்று முனகுகிறது. சில அடி பலமாகவும் சில அடி சப்பென்றும் விழுகின்றன. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் பொங்கலில் எங்கள் குழு வாசிக்கிறது. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பந்தல்_ஒலி, பொள்ளாச்சி, 11.52
தம்பி, எந்தச் சிந்தசைசர்? எதில் கேட்கிறீர்கள்? மடிக்கணினியின் சிறிய ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கவே ஒலிக்காது. வெள்ளிக்கிழமை வைக்கப்போகும் சப் பெட்டி (அடி ஒலிக்கான ஸ்பீக்கர்) எத்தனை அங்குலம்?

கணவாய்க்காற்று, 11.58
அண்ணன் கேட்டதோடு இதையும் சொல்லுங்கள்: கையால் வாசிக்கிறீர்களா, சீக்வென்சரில் தானாக ஓட விடுகிறீர்களா? குரல் அமைப்பு பாலியா (பல குரல்), மோனோவா (ஒரே குரல்)?

மின்கம்பி, நள்ளிரவு 12.05
முனகல் என்றால் எனக்கு முதலில் எர்த் இணைப்பில்தான் சந்தேகம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கிக்கின் அடிப்படையும் அதே இடத்தில்தான். இரண்டும் கலந்தால் பிரித்தறிவது கடினம். விசையை விட்ட பிறகும் முனகுகிறதா?

ஒலிக்கூடம், 12.20
இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. கிக் என்பது தாழ்ந்த சுரம் அல்ல, விழுகிற சுரம். ரோலண்ட் 1983இல் வெளியிட்ட டிஆர்-909 டிரம் இயந்திரத்தின் கிக்கைக் கவனியுங்கள். தொடக்கத்தில் ஒரு சொடுக்கு, உடனே மேலிருந்து கீழே சரியும் பிட்ச் (சுருதி). 250 ஹெர்ட்ஸ் அருகே தொடங்கி 40 மில்லி செகண்டுக்குள் 50க்கு இறக்கினால், அந்தச் சரிவைத்தான் காது அடியாக எடுத்துக்கொள்கிறது. முதலில் கையேட்டைத் திறக்கவும்.

பழைய_மின்சுற்று, 12.31
909ஐ விடுங்கள், அதே ரோலண்டின் 1980இல் வந்த 808தான் வழி. அதன் கிக்கில் தொடர்ந்து ஓடும் ஆசிலேட்டரே (அலை எழுப்பும் பகுதி) கிடையாது. ஒரு துடிப்பு ஒத்ததிர்வுச் சுற்றைத் தட்டும், அது மணி போல அதிர்ந்து அடங்கும். எல்லா ஆசிலேட்டரையும் இறக்கிவிட்டு, ஃபில்டரின் (ஒலி வடிகட்டி) ரெசனன்ஸை (ஒத்ததிர்வை) உச்சத்தில் வைத்துத் தட்டுங்கள்.

ஒலிக்கூடம், 12.36
எல்லா ஃபில்டரும் தானாக ஒலிக்காது. கருவியின் பெயரே தெரியாமல் மருந்து எழுதுகிறீர்கள்.

தவில்வீடு, சித்தூர் (பாலக்காடு), காலை 6.10
கருவியை விடுங்கள், தோலைக் கேளுங்கள். தோலை ஓங்கி அடிக்கும் கணத்தில் அதன் இழுவிசை கூடிச் சுருதி சற்று ஏறும், அதிர்வு அடங்க அடங்க இறங்கும். ஒலிக்கூடம் ஐயா சொல்லும் சரிவு தோலிலேயே இருக்கிறது. கேரளச் செண்டை மேளத்தின் ஒரு முகமான வலந்தலையில் ஓர் அடி விழும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். நம் பக்கத்துக் கிக் அதுதான்.

பழைய_மின்சுற்று, 6.40
வலந்தலை கனத்த ஒலி என்று எழுதாதீர்கள், படிக்கிற பிள்ளைகள் குழம்புவார்கள். மிருதங்கத்தில் கரணை (கருப்பு வட்டம்) இருக்கும் வலந்தலைதான் உச்ச ஒலி. ரவையைப் பிசைந்து ஒட்டும் மறுமுகமான தொப்பிதான் அடி ஒலி.

தவில்வீடு, 6.55
மிருதங்கத்துக்கு நீங்கள் சொல்வது சரி, தவிலிலும் அப்படியே. செண்டையில் நேர்மாறு. தோல்களை அடுக்கி ஒட்டிய தடித்த முகம் வலந்தலை, மெல்லிய முகம் இடந்தலை. ஒரே சொல், மலைக்கு இந்தப் பக்கம் ஒரு பொருள், அந்தப் பக்கம் வேறு பொருள். எங்கள் ஊர்ப் பொங்கலில் இரண்டும் ஒரே தெருவில் வருகின்றன, கேட்டு வளர்ந்தவன் சொல்கிறேன்.

எல்லைக்கோடு, 7.30
மன்னிக்கவும், தூங்கிவிட்டேன். கருவி கோர்க் மினிலாக். ஹெட்போனில் கேட்கிறேன். சீக்வென்சர், வேகம் நிமிடத்துக்கு 120 தட்டு. குரல் பாலி. விசையை விட்டால் முனகல் நின்றுவிடுகிறது. சுருதியை அசைக்கும் பிட்ச் என்வலப் குமிழை வலது கடைசி வரை திருகியும் பெரிதாக எதுவும் மாறவில்லை.

மின்கம்பி, 7.34
அப்படியானால் எர்த் இல்லை. நான் விலகிக்கொள்கிறேன்.

கணவாய்க்காற்று, 7.50
பழைய மினிலாக்கா, பின்னால் வந்த மினிலாக் எக்ஸ்டியா? எக்ஸ்டியில் அந்த என்வலப்பை இரண்டு ஆசிலேட்டருக்கும் சேர்த்து அனுப்பலாம். பழையதில் அந்தக் குமிழ் இரண்டாவது ஆசிலேட்டரை மட்டுமே அசைக்கும். உங்களிடம் இருப்பது பழையதாக இருந்தால், மிக்ஸரில் முதல் ஆசிலேட்டரை ஏற்றி வைத்திருப்பீர்கள். அது அசையாமல் ஒரே சுரத்தில் முனகுகிறது, அதன் அடியில் கிக் புதைந்துவிட்டது.

முதல் ஆசிலேட்டரைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். நாய்ஸையும் (இரைச்சல்) இறக்குங்கள். இரண்டாவதில் முக்கோண அலை வையுங்கள். இந்தக் கருவியில் சைன் அலை கிடையாது, ஆனால் முக்கோணத்தின் மூன்றாம் ஹார்மோனிக்கின் (அடிப்படைச் சுரத்தைப் போல் மூன்று மடங்கு அதிர்வெண்) வீச்சு, அடிப்படையின் வீச்சில் ஒன்பதில் ஒரு பங்குதான், ஃபில்டரைக் கொஞ்சம் மூடினால் அதுவும் அடங்கிவிடும். இரண்டு என்வலப்பிலும் அட்டாக் (ஒலி எழும் நேரம்) பூஜ்யம், சஸ்டெய்ன் (விசையைப் பிடித்திருக்கும்வரை நிற்கும் அளவு) பூஜ்யம். பிட்சை அசைக்கும் என்வலப்பின் டிகேயை (இறங்கும் நேரம்) முழுக்கக் குறைத்துவிட்டு மயிரிழை மயிரிழையாக ஏற்றுங்கள். முதலில் வெறும் "டிக்" கேட்கும், பிறகு "டுக்", பிறகு "தும்". அதையும் தாண்டினால் "டியூ" என்று வழுக்கும். வழுக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். குமிழையும் கடைசி வரை திருக வேண்டாம், பாதியே போதும்.

ஒலியளவு என்வலப்பில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 120 வேகத்தில் பதினாறாம் சுரம் ஒன்றுக்கு 125 மில்லி செகண்ட். கேட் (விசை அழுத்தியிருக்கும் நேரம்) பாதி என்றால் 62இல் விசை விடப்பட்டதாகக் கருவி எடுத்துக்கொள்ளும், உடனே ரிலீஸ் (விசையை விட்ட பிறகு ஒலி அடங்குவது) தொடங்கிவிடும். டிகேயை 300 வைத்தாலும் ரிலீஸ் பூஜ்யமானால் வால் அறுந்துபோகும். ரிலீஸை டிகே அளவுக்கு ஏற்றுங்கள்.

அடி மாறி மாறி விழுவதற்குக் காரணம் பாலியாக இருக்கலாம். நான்கு குரல்களும் முறை வைத்துப் பேசுகின்றன, அவை அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. மோனோவுக்கு மாற்றுங்கள். மோனோவில் துணை ஆசிலேட்டர் சேரும், அதன் குமிழைப் பூஜ்யத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் முனகல் திரும்ப வரும்.

ஒலிக்கூடம், 8.02
சரியான விடை. இதுவும் கையேட்டில் இருக்கிறது.

பந்தல்_ஒலி, 8.15
தம்பி, கிக்கைப் பாடகரின் சுருதியில் உட்கார வையுங்கள். ஐந்து கட்டை என்றால் 49 ஹெர்ட்ஸ், அருமையான இடம். ஒரு கட்டை என்றால் 32.7 வரும், அதற்குப் போகாதீர்கள். வாடகைப் பெட்டிகள் பெரும்பாலும் அங்கே கூம்பை ஆட்டுமே தவிர ஒலி தராது, ஒரு ஸ்தாயி ஏறி 65.4இல் நில்லுங்கள். திறந்தவெளியில் சுவரின் உதவியும் கிடையாது. ஹெட்போனில் கேட்டு முடிவு செய்யாமல் அந்தப் பெட்டியிலேயே ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.

தவில்வீடு, 9.20
மின்சுற்று ஐயா, செண்டை வாசிக்கும் ஆசானிடம் இப்போதுதான் கேட்டு வந்தேன். வலந்தலை தடித்த முகம்தான்.

பழைய_மின்சுற்று, 9.41
ஒப்புக்கொள்கிறேன். செண்டையை நான் அறியேன். மிருதங்கத்தைப் பற்றி எழுதியதில் மாற்றமில்லை.

எல்லைக்கோடு, மாலை 5.05
பழைய மினிலாக்தான். வந்துவிட்டது! முதல் ஆசிலேட்டர்தான் கெடுத்திருக்கிறது. மோனோவில் அடி ஒரே சீராக விழுகிறது. பாடகருக்கு நாலு கட்டை, 43.7இல் வைத்துவிட்டேன். எல்லாருக்கும் நன்றி. ஒத்திகைக்குக் கிளம்புகிறேன்.

பந்தல்_ஒலி, 5.20
43.7 சிறிய பெட்டிக்குத் தாழ்வு, தம்பி. 18 அங்குலம் என்றால் தாங்கும். 12 என்றால் வெள்ளிக்கிழமை மேடைக்கு முன்னால் நிற்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காமல் போகலாம். பெட்டி எத்தனை அங்குலம்?

பந்தல்_ஒலி, இரவு 9.48
தம்பி, பெட்டி?