ஒரே பையன், நாலு பேர், நாலு விதம்

பாளைக்காரி:
பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சிறப்புப் பள்ளியில் நாலு பணியாளர்களை மேற்பார்வை செய்கிறேன். ஆட்டிசம் உள்ள 11 வயதுப் பையன் மதியச் சாப்பாட்டுக்கு முன் கையைக் கடிக்கிறான். ஒருத்தர் அதட்டுகிறார், ஒருத்தர் முறுக்கைக் கொடுத்துவிடுகிறார். அந்தத் தழும்பைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. எல்லோரையும் ஒரே வழிக்கு எப்படிக் கொண்டுவருவது?

அம்பை அண்ணாச்சி:
தங்கச்சி, முதலில் யாரையும் திட்டாதீங்க. கடிப்பதற்கு முன் என்ன நடந்தது, என்ன செய்தான், உடனே என்ன கிடைத்தது என்று மூன்று கட்டம் போட்டு ஒரு வாரம் எழுதட்டும். நோட்டை மட்டும் நம்பாமல் நீங்களும் அந்த நேரத்தில் கூட உட்காருங்க. எங்கள் பிள்ளை ஒருத்திக்குக் காரணம் தட்டுச் சத்தம்தான். பல்வலி இருக்கிறதா என்றும் டாக்டரிடம் காட்டிடுங்க.

வள்ளியூர் டீச்சர்:
அக்கா, முறுக்கை நிறுத்தினால் முதல் சில நாள் கடி கூடலாம். அதை எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிடுங்க, இல்லையென்றால் மூன்றாம் நாளே மனசு இளகிவிடும். கை காயப்படாமல் ஒருத்தர் பக்கத்திலேயே இருக்கட்டும். 'சாப்பாடு' என்று காட்ட ஒரு பட அட்டை பழக்குங்க. நீட்டினதும் உடனே சோறு.

பாளைக்காரி:
அண்ணாச்சி, இன்று கூடவே உட்கார்ந்து பார்த்தேன். சாம்பார் வாளி உள்ளே வந்ததும்தான் ஆரம்பிக்கிறான். அப்புறம் இருபது நிமிஷம் காத்திருக்க வைக்கிறோம். சரி, நாளைக்கே அவனுக்கு முதலில் பரிமாறச் சொல்கிறேன்.