50 சென்ட்டோட மொத ஆல்பம்: குண்டு கதை இல்லாட்டி இது வித்திருக்குமா?

மொட்டமாடி வானொலி:

எல்லாருக்கும் வணக்கம். இத்தன வருஷமா அமெரிக்க ராப்பர் 50 சென்ட்னா எனக்கு 'இன் டா கிளப்' மட்டும்தான், யாரு பர்த்டேனாலும் அதப் போடுவாங்க, ஆடுவோம், முடிஞ்சுது. போன வாரம் ராத்திரி பஸ்ல தூக்கம் வராம 'கெட் ரிச் ஆர் டை ட்ரையின்' ஆல்பத்த மொத பாட்டுல இருந்து வரிசையா ஹெட்போன்ல கேட்டுட்டே வந்தேன், 'மெனி மென்' வந்தப்ப சாஞ்சு கெடந்தவன் நிமிந்து உக்காந்துட்டேன். தன்னக் கொல்ல நெனைக்கிறவங்களப் பத்தி ஒருத்தர் இவ்ளோ நிதானமா, கிட்டத்தட்ட ஒப்பாரி மாதிரி இழுத்துப் பாடுவார்னு நான் நெனைக்கவே இல்ல. ஊர் வந்து சேர்றதுக்குள்ள அத மட்டும் ஆறு தடவ கேட்டிருப்பேன்.

இத ரூம்மேட்கிட்ட சொன்னா அவன் ஒத்துக்கவே மாட்டேங்கறான். "ஒம்போது குண்டு வாங்கியும் சாகாத ஆளுன்னு ஒரு கதை, பின்னாடி பெரிய ராப்பர் எமினெம் பேரு, புரொடியூசர் டாக்டர் டிரே பேரு, பெரிய லேபிள், அதாவது ரெக்கார்ட் கம்பெனி காசு, இதுக்கு மேல என்ன வேணும், யாரு பாடியிருந்தாலும் வித்திருக்கும்"ங்கறான். எனக்கு அப்டி தோணல, ஆனா பதில் சொல்லவும் தெரியல. அதோட இன்னொரு சந்தேகம், இது நெஜமாவே அவரோட மொத ஆல்பமா? கொலம்பியா லேபிள்ல முன்னாடியே ஒன்னு பண்ணார்னு எங்கயோ படிச்ச ஞாபகம். வெவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

தேஞ்ச சிடி:

நீங்க படிச்சது சரிதான் நண்பா, அந்த கொலம்பியா விஷயத்துலயே உங்க ரூம்மேட்டுக்குப் பதிலும் இருக்கு.

1999லயே அவர் கொலம்பியால இருந்தார். அப்ப வந்த பாட்டு 'ஹவ் டு ராப்', ராப்னா இங்க வழிப்பறி, பேர் தெரிஞ்ச ராப்பர், பாடகர்னு வரிசையா பேரச் சொல்லி ஒவ்வொருத்தர்கிட்டயும் எப்டி அடிச்சுப் புடுங்குவேன்னு பாடியிருப்பார். ராப்பர் ஜே-ஸி மொதக்கொண்டு பதில் குடுத்தாங்க, ஊரே திரும்பிப் பாத்துச்சு. 'பவர் ஆஃப் த டாலர்'னு முழு ஆல்பம் ரெடி, டெஸ்டினிஸ் சைல்ட்ங்கற பாட்டுக் குழுவோட சேந்து ஒரு பாட்டு கூட அதுல இருந்துச்சு. 2000 மே 24, நியூயார்க் குவீன்ஸ்ல சவுத் ஜமைக்காங்கற ஏரியா, அவர் வளந்த பாட்டி வீட்டு வாசல், பிரெண்டோட கார்ல பின் சீட்ல உக்காந்திருக்கார், கிட்ட வந்து சுட்டாங்க. கை, இடுப்பு, கால், நெஞ்சு, எடது கன்னம்னு ஒம்போது குண்டு. பொழைச்சு வந்தப்ப லேபிள் அவரக் கழட்டி விட்டுருச்சு, ஆல்பம் கடைக்கே வரல.

இப்ப யோசிச்சுப் பாருங்க. குண்டு கதைக்கே ஆல்பம் விக்கும்னா அந்தக் கதை 2000லயே கொலம்பியா கையில இருந்துச்சே, அவங்க ஏன் தூக்கிப் போட்டாங்க? அப்ப அந்தக் கதை ஒரு பயம், அவ்ளோதான், இந்த ஆள ஸ்டுடியோக்குள்ள விட்டா நம்மளும் சாவோம்னு நெனைச்சாங்க. அமெரிக்காவுல எடம் கெடைக்காம ஷா மணி எக்ஸ்எல்னு ஒரு புரொடியூசர் கூட கனடா போய் ரெக்கார்ட் பண்ணிருக்கார் மனுஷன்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி. லேபிள் இல்ல, ரேடியோ இல்ல, அதனால நேரா தெருவுக்கு வந்துட்டார். லாய்ட் பேங்க்ஸ், டோனி யாயோன்னு ரெண்டு ராப்பரோட சேந்து 2002ல '50 சென்ட் இஸ் த ஃப்யூச்சர்'னு மிக்ஸ்டேப். அதுக்கு முன்னாடி மிக்ஸ்டேப்னா பெரும்பாலும் ஒரு டிஜே பல பேரோட வெர்ச, அதாவது சரணத்த, அடுக்கித் தர்றது, இவங்க என்ன பண்ணாங்கன்னா அடுத்தவங்க ஹிட் பீட்ட, அதாவது பாட்டோட பின்னணி இசைய, எடுத்து அதுமேல புதுசா ஹூக், அதாவது மனசுல ஒட்டுற மாதிரி திரும்பத் திரும்ப வர்ற வரி, போட்டு முழுப் பாட்டாவே ஆக்கி, கிட்டத்தட்ட ஆல்பம் மாதிரி குடுத்தாங்க. 'கெஸ் ஹூஸ் பேக்'னு இன்னொரு தொகுப்பு சுத்தி சுத்தி எமினெம் கைக்குப் போச்சு, அவர் கூப்ட்டு டிரேகிட்ட அறிமுகப்படுத்துனார், பத்து லட்சம் டாலருக்கு டீல். அதாவது லேபிள் வர்றதுக்கு முன்னாடியே ஜனம் அவருக்கு வந்தாச்சு.

ஆல்பம் 2003 பிப்ரவரி 11 வர வேண்டியது, திருட்டு காப்பி தெருவுல ஓட ஆரம்பிச்சதால 6ஆம் தேதியே எறக்கிட்டாங்க. எந்தத் தெருவோர சிடி வியாபாரம் இவர வளத்துச்சோ அதுவே லேபிளோட தேதிய மாத்த வச்சிருச்சு. முழு வாரம் கூட இல்ல, அந்த சில நாள்லயே 8,72,000 காப்பி. ரெண்டாவது வாரம் 8,22,000. உங்க பிரெண்டுகிட்ட இந்த ரெண்டாவது நம்பரச் சொல்லுங்க. கதைக்காக வாங்குறவன் மொத வாரமே வாங்கிட்டுப் போயிருவான், அடுத்த வாரமும் அதே கூட்டம் வருதுன்னா வாங்குனவன் நாலு பேர்கிட்ட கேளுடான்னு சொல்லிருக்கான்னு அர்த்தம். அந்த வருஷம் அமெரிக்காவுல அதிகமா வித்த ஆல்பம் அதுதான்.

நாலு பார்:

மேல அண்ணன் சொன்னதுல எல்லாம் சரி, நான் பாட்டுப் பக்கம் மட்டும் பேசறேன், வீட்ல உக்காந்து பீட் பண்றவன் நான், இந்த ஆல்பத்தப் பிரிச்சு மேஞ்சிருக்கேன்.

"டிரே பேரு, எமினெம் பேரு"ன்னு சொல்றவங்க கிரெடிட்ட ஒருக்கா பாக்கணும். டிரே பீட்னா 'இன் டா கிளப்', 'ஹீட்', 'இஃப் ஐ கான்ட்', 'பேக் டவுன்' நாலுதான். எமினெம் பண்ணது 'பேஷன்ட்லி வெய்ட்டிங்', 'டோன்ட் புஷ் மீ'. உங்கள எழுப்பி உக்கார வச்ச 'மெனி மென்' டிகா பிராஞ்ச்னு ஒருத்தரோடது. '21 கொஸ்டின்ஸ்' அப்ப பெருசா பேர் வெளிய வராத ஆளுங்க பண்ணது, அது அமெரிக்க சார்ட்ல நம்பர் ஒன் போச்சு. 'பிம்ப்'ல கேக்குற அந்த ஸ்டீல் டிரம் டீனான் போர்ட்டர் வேல. இத்தன பேர் கை பட்டும் ஆல்பம் ஒரே ஆளோட வீடு மாதிரி இருக்குன்னா அதுக்குக் காரணம் அவரோட குரல்.

குரலப் பத்தி சொல்லியே ஆகணும். கன்னத்துல பாஞ்ச குண்டோட ஒரு துண்டு நாக்குலயே தங்கிருச்சு, அதுக்கப்புறம் பேச்சே மாறிருச்சு. வார்த்தைய முழுசாக் கடிச்சுத் துப்ப மாட்டார், லேசா வழுக்கிட்டுப் போகும், வேகமாப் போகவும் மாட்டார், பீட்டுக்குப் பின்னாடி சாஞ்ச மாதிரி வருவார். அந்த வழுக்கல்ல ஒரு ராகம் தானா வந்து ஒக்காந்துருச்சு. 'இன் டா கிளப்' பீட்ல எவ்ளோ காலி எடம் இருக்கு பாருங்க, டிரேயும் அவர்கூட சேந்து அத பண்ண மைக் எலிசாண்டோவும் அத நெரப்பாம விட்டுருக்காங்க, அவர் அதுக்குள்ள முணுமுணுத்தாலே போதும். ஒம்பது வாரம் நம்பர் ஒன். 'ஹீட்' பாட்ட நல்ல ஸ்பீக்கர்ல கேளுங்க, துப்பாக்கி லோட் பண்ற சத்தத்தையே தாளமா வச்சிருப்பார் டிரே, எனக்கு மொத தடவ முதுகு சில்லுன்னு ஆச்சு.

ஹூக் எழுதறதும் அவருக்குத் தானா வந்ததில்ல. ரன்-டிஎம்சிங்கற பழைய ராப் குழுவோட டிஜே ஜாம் மாஸ்டர் ஜே தான் 90கள்ல அவரக் கூட வச்சுக்கிட்டு பார், அதாவது தாளக் கட்டு, எண்றது, வெர்ஸ் எங்க முடியணும், கோரஸ் எங்க வரணும்னு கத்துக் குடுத்தவர். இந்த ஆல்பம் வர்றதுக்கு மூணு மாசம் முன்னாடி, 2002 அக்டோபர் 30, அதே ஜமைக்கா ஏரியால தன் ஸ்டுடியோலயே ஜேய சுட்டுக் கொன்னுட்டாங்க. சிஷ்யன் ஜெயிச்சத அவர் பாக்கல. அத நெனைச்சுட்டுக் கேட்டா இந்த ஆல்பத்துல கோரஸ் ஒவ்வொன்னும் எனக்கு வேற மாதிரி இருக்கும்.

செவ்வந்தி:

ரெண்டு பேரும் நல்லா எழுதிருக்கீங்க, ஆனா அந்த ரூம்மேட் சொல்றத ஒரேயடியா தள்ளவும் முடியாது. 2000ல பயமா இருந்த விஷயத்த 2003ல அதே தொழில் சரக்கா மாத்தி வித்துச்சு, அது உண்மை. அட்டையிலயே கண்ணாடி, நடுவுல தோட்டா போன ஓட்டை. போற எடமெல்லாம் குண்டு துளைக்காத அங்கி. ஒருத்தரோட காயத்த லேபிள் இப்டி விக்கிறது எனக்கு இன்னும் உறுத்துது, பாட்டு எவ்ளோ நல்லா இருந்தாலும். பொம்பளைங்களப் பத்தி இதுல வர்ற பல வரியும் அப்டித்தான், 'பிம்ப்' வந்தா நான் தள்ளி விட்டுருவேன், ஸ்டீல் டிரம் எவ்ளோ அழகா இருந்தாலும் சரி.

ஆனா '21 கொஸ்டின்ஸ்' அதே ஆள்கிட்ட இருந்து வருது. நாளைக்கு நான் ஜெயிலுக்குப் போனா, கையில காசில்லாமப் போனா அப்பவும் என்ன நேசிப்பியான்னு ஒருத்தி கிட்ட கேட்டுட்டே இருக்கார், கீழ பாடகர் நேட் டாகோட குரல். இவ்ளோ கேங்ஸ்டா பேசிட்டு நடுவுல காதல் பாட்டான்னு டிரேக்கே இது ஆல்பத்துல வேணாம்னு இருந்திருக்கு, இவர்தான் பிடிவாதமா வச்சார். எட்டு வயசுல அம்மா செத்து, பாட்டி தாத்தா வீட்ல வளந்த பையன் பெரியாளானப்புறம் கேக்குற கேள்விகளாத்தான் எனக்கு அது கேக்குது.

'மெனி மென்' எனக்கு 2020க்கு அப்புறம் முழுசா மாறிருச்சு. பாப் ஸ்மோக்னு நியூயார்க் புரூக்ளின்ல ஒரு ராப்பர் பையன், அந்த மெட்ட எடுத்து தன் பாட்டுல பாடிருந்தான், அந்த பிப்ரவரில இருவது வயசுல சுட்டுக் கொன்னாங்க. அவன் பாதில விட்ட ஆல்பத்த வெளிய கொண்டு வர முன்ன நின்னது 50 சென்ட். பொழைச்சவர் பாடுன பாட்ட பொழைக்காதவன் குரல்ல கேக்கறது ரொம்ப கஷ்டங்க. அதுக்கப்புறம் ஒம்போது குண்டுங்கறத "கதை"ன்னு சொல்லவே எனக்கு வாய் வர்றதில்ல.

மொட்டமாடி வானொலி:

இவ்ளோ வெவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல, மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. செவ்வந்தி அக்கா சொன்னதப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் போன கீழ வச்சுட்டேன். தலைப்புல நானும் கதைன்னுதான் போட்டிருக்கேன், மாத்தலாம்னு பாத்தா எடிட் ஆப்ஷன் போயிருச்சு. ரூம்மேட்டுக்கு அந்த ரெண்டாவது வார நம்பரக் காட்டினேன், ஒன்னும் பேசல, ஆனா சமையக்கட்டுல 'இஃப் ஐ கான்ட்' ஓடுது இப்ப. அடுத்து எத கேக்கணும்?

நாலு பார்:

நேரா 'ஹவ் டு ராப்' போங்க. அது அவரச் சுடறதுக்கு முன்னாடி 1999ல பாடுனது, குரல் கூர்மையா, வார்த்தை வார்த்தையா வேகமா வெட்டிட்டுப் போகும். அது முடிஞ்ச கையோட 'மெனி மென்' போட்டுக் கேளுங்க, கண்ண மூடிட்டு.